வெண்புள்ளிக்கு விளக்கு வைத்தியம்: மருந்து எது, மாயம் எது?

விருத்தாசலத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவே இருக்கிறது மங்கலம்பேட்டை. அங்கிருந்து விருத்தாசலத்துக்குப் பீங்கான் வேலைக்காகப் பஸ் ஏறிப் போகும் ஒரு பெண்ணை எண்ணிப் பார்க்கலாம். பெயர் எதுவாகவும் இருக்கட்டும். வயது 22. பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டுவது வேலை. ஒரு நாள் காலையில் முகம் கழுவித் துடைக்கும்போது கன்னத்தில் கடுகளவு வெள்ளை ஒன்று தெரிகிறது. சுண்ணாம்பு பட்டிருக்கும் என்று தேய்க்கிறாள், போகவில்லை. நாலு மாதத்தில் அது புளியங்கொட்டை அளவாகிறது. கண்ணிமையில் இன்னொன்று, முழங்கையில் மற்றொன்று, விரல் நுனியில் வேறொன்று.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். "மீன் குழம்புச் சோறு தின்ன கையோடு பாலைக் குடிச்சியே, அதுதான்" என்கிறாள் பாட்டி. அடுத்த வீட்டுக்காரி தன் குழந்தையை மெல்லத் தன் பக்கம் இழுத்துக் கொள்கிறாள். கலியாணத் தரகர் வேறு பேச்சுப் பேசுகிறார். தாயார் மட்டும் இரவில் செல்போனை வைத்துக்கொண்டு தேடுகிறாள். தேடினால் கிடைக்காத பொருள் எது? கையடக்கமான விளக்கு ஒன்று கிடைக்கிறது. சிவப்பும் நீலமுமாக எரியும் பலகை கிடைக்கிறது. காந்தப் பட்டை கிடைக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே வாக்குறுதி: ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம், வீட்டிலேயே குணம், பக்க விளைவு இல்லை.

பெண் கற்பனை, விளம்பரங்கள் கற்பனையல்ல. அந்த யந்திரங்கள் எல்லாம் பொய்தானா என்று ஒரே வார்த்தையில் கேட்டால், ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. வெண்புள்ளிக்கு விளக்கு வைத்தியம் என்பது மெய்யாகவே இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிகளில் நடக்கிறது. வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்பதற்கும் நல்ல ஆராய்ச்சி ஆதாரம் வந்திருக்கிறது. ஆனால் அந்த மெய்யான விளக்கும், ஒன்றுக்கும் உதவாத பொம்மை விளக்கும், உடம்பைச் சுட்டுவிடக்கூடிய விளக்கும் ஒரே கடையில், ஒரே மாதிரிப் பெட்டியில் அடுத்தடுத்து இருக்கின்றன. சங்கடம் இங்கேதான்.

நிறம் எங்கே போயிற்று?

சருமத்துக்கு நிறம் தருவது மெலனின் என்ற பொருள். அதைச் செய்து கொடுப்பவை மெலனோசைட் என்ற செல்கள். உடம்பின் காவற்படையான வெள்ளை அணுக்களில் ஒரு பிரிவு, யாரோ பகைவர் என்று எண்ணி இந்தச் செல்களையே தாக்கி அழித்துவிடுகிறது. தாக்கிய இடம் வெளுத்துப் போகிறது. வெண்புள்ளி என்பது இவ்வளவுதான். வெளியிலிருந்து வந்த கிருமி எதுவும் இல்லை. ஆகவே தொட்டால் ஒட்டாது. ஒரே தட்டில் உண்டாலும் ஒட்டாது. மீனுக்கும் பாலுக்கும் இதில் சம்பந்தமில்லை. உலகத்தில் ஏறக்குறைய 100 பேரில் ஒருவருக்கு இது உண்டு. பாட்டுக்காரர் மைக்கேல் ஜாக்சனுக்கும் இருந்தது. அவர் காலமான ஜூன் 25-ஆம் தேதியைத்தான் 2011 முதல் உலக வெண்புள்ளி தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

தமிழில் இதற்கு வாய்த்த பழைய பெயர் பெருந்தீங்கு செய்துவிட்டது. வெண்குஷ்டம் என்று சொல்லிச் சொல்லி, தொழுநோய்க்குத் தம்பியாக இதை ஆக்கிவிட்டார்கள். இரண்டுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. பாதிக்கப்பட்டவர்களே முயன்று வெண்புள்ளி என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டு வந்தார்கள். தொழுநோயே இன்று மருந்தால் குணமாகிற வியாதி; அதை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்டலாம் என்று இருந்த சட்ட விதியைக்கூடப் பார்லிமெண்ட் 2019-ல் எடுத்துவிட்டது. சட்டம் எடுத்ததைத் தரகர் இன்னும் எடுக்கவில்லை.

உயிருக்கு ஆபத்தில்லாத வியாதி என்பதால் இதை லேசாக எண்ணுகிறவர்கள் உண்டு. உயிருக்கு ஆபத்தில்லைதான். ஆனால் கலியாணத்துக்கு ஆபத்து, வேலைக்கு ஆபத்து, வீதியில் தலை நிமிர்ந்து நடப்பதற்கு ஆபத்து. அதனால்தான் கிராமத்தார் இதற்காக நகையை அடகு வைக்கத் தயங்குவதில்லை. அடகுப் பணம் யாரிடம் போய்ச் சேருகிறது என்பதுதான் கேள்வி.

வெயிலும் விதையும்

ஒளியால் நிறத்தைத் திரும்பக் கொண்டு வரலாம் என்பது நேற்று கண்டுபிடித்த சங்கதியல்ல. நம் நாட்டு வைத்தியர்கள் கார்போகரிசி என்ற விதையை அரைத்துப் பூசி, வெயிலில் நிற்கச் சொல்லி வந்திருக்கிறார்கள். எகிப்தில் நைல் நதிக் கரையில் வளரும் வேறொரு செடியின் விதையை அங்குள்ளவர்கள் இதே வகையில் பயன்படுத்தினார்கள். இரண்டு விதையிலும் சோரலென் என்ற சரக்கு இருக்கிறது. அது சருமத்தை வெயிலுக்குக் கூச்சமுள்ளதாக்கும். எகிப்திய டாக்டர் எல் மொஃப்டி என்பவர் அந்தச் செடியிலிருந்து பிரித்தெடுத்த சரக்கைக் கொண்டு செய்த வைத்தியத்தை 1948-ல் வெளியிட்டார். புதிய ஒளி வைத்தியம் அங்கிருந்துதான் கிளை விட்டது.

நாட்டு முறை வீண் என்று சொல்ல இடமில்லை. அதில் அளவு இல்லை என்பதே குறை. விதையில் சரக்கு எவ்வளவு, வெயிலில் கிரணம் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? சித்திரை வெயிலும் மார்கழி வெயிலும் ஒன்றா? எண்ணெயைப் பூசிக்கொண்டு அரை மணி கூடுதலாக நின்றவர்கள் கொப்புளத்தோடு டாக்டரிடம் வருவது இன்றும் நடக்கிறது.

விளக்கை வைத்தியத்துக்குக் கொண்டு வந்த பெருமை டென்மார்க் டாக்டர் நீல்ஸ் ஃபின்சனுக்கு உரியது. சருமத்தில் வரும் ஒரு வகைக் காச நோய்க்கு அவர் மின்சார ஒளியைப் பாய்ச்சிக் குணம் கண்டார். 1903-ல் நோபல் பரிசு கிடைத்தது. மறு வருஷமே மறைந்துவிட்டார். அவருடைய விளக்கைப் பற்றி ஒரு வேடிக்கை உண்டு. அல்ட்ரா வயலெட் கிரணங்கள் கிருமிகளை நேரே கொன்றுவிடுவதால்தான் நோய் குணமாகிறது என்று நெடுங்காலம் நம்பி வந்தார்கள். 2005-ல் டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பழைய கருவிகளை எடுத்துச் சோதித்தார்கள். கிருமியைக் கொல்லக்கூடிய குறுகிய அலைகளை அதன் கண்ணாடி லென்சே விழுங்கிவிட்டிருந்தது! குணம் மெய், சொன்ன காரணம்தான் வேறு. நோபல் பரிசு பெற்ற கருவியிலேயே உள்ளிருந்து என்ன கிரணம் வருகிறது என்று தெரிய 100 வருஷம் ஆயிற்று என்றால், பெட்டி மேல் ஒட்டிய சீட்டை நம்பி வாங்குகிறவர் கதி என்ன?

311 என்ற எண்

இன்று வெண்புள்ளிக்கு டாக்டர்கள் பயன்படுத்துவது நாரோ பேண்ட் யு.வி.பி. என்ற கிரணம். கண்ணுக்குத் தெரியாத அல்ட்ரா வயலெட் கிரணங்களில் 311 நானோமீட்டரை ஒட்டிய ஒரு மெல்லிய கீற்று அது. இதற்கான டியூப்களை ஹாலந்து தேசத்துக் கம்பெனி ஒன்று 1980-களில் செய்தது. முதலில் சொரியாசிஸ் என்கிற காளாஞ்சகப்படைக்குத்தான். ஆம்ஸ்டர்டாம் டாக்டர்கள் இதை வெண்புள்ளிக்குக் கொடுத்துப் பார்த்து 1997-ல் பலனை வெளியிட்டார்கள். அதிலிருந்து உலகமெங்கும் பரவிற்று.

இந்தக் கிரணம் இரண்டு வேலை செய்கிறது. தாக்குகிற வெள்ளை அணுக்களை அடக்குகிறது; மயிர்க்காலின் அடியில் உறங்கிக் கிடக்கும் நிறச் செல்களை எழுப்பி மேலே வரச் செய்கிறது. அதனால்தான் நிறம் திரும்பும்போது புள்ளி புள்ளியாக, ஒவ்வொரு ரோமத்தைச் சுற்றியும் மிளகு தூவியது போல வருகிறது. ரோமம் இல்லாத இடத்தில் எழுப்புவதற்கு ஆளில்லை. விரல் நுனி, உள்ளங்கை, உதடு ஆகிய இடங்கள் எளிதில் மசியாததற்குக் காரணம் இதுதான்.

பலன் எவ்வளவு? உலகில் நடந்த பல சோதனைகளைத் தொகுத்து 2017-ல் கணக்கிட்டார்கள். இந்த ஒளியை 6 மாதம் எடுத்துக்கொண்டவர்களில் 100-க்கு 19 பேருக்கு முக்கால் பங்குக்கு மேல் நிறம் திரும்பிற்று. ஒரு வருஷம் எடுத்தவர்களில் அது 36 பேரை எட்டிற்று. இடத்துக்கு இடம் வித்தியாசம் வேறு. முகத்திலும் கழுத்திலும் 100-க்கு 44 பேருக்கு நல்ல பலன், உடலில் 26, கை கால்களில் 17. கைவிரல், பாதம் ஆகிய இடங்களில்? பூஜ்யம்.

மங்கலம்பேட்டைப் பெண்ணுக்கு டாக்டர் நேர்மையாகச் சொல்ல வேண்டியது இதுதான்: அம்மா, கன்னத்துக்கு நம்பிக்கை உண்டு, முழங்கைக்குக் கொஞ்சம் உண்டு, விரல் நுனிக்கு உறுதி சொல்ல முடியாது. 90 நாளில் அடியோடு குணம் என்று சொல்கிறவன் விரல் நுனியையும் சேர்த்துத்தான் விற்கிறான்.

எழுபத்திரண்டு பயணம்

இங்கே இன்னொரு கணக்கு இருக்கிறது. இந்த ஒளியை ஒரு நாள் இரண்டு நாள் பார்த்துவிட்டு நிறுத்த முடியாது. வாரத்துக்கு 3 தடவை கொடுப்பது நல்லது. 72 தடவை கொடுத்துப் பார்க்காமல் பலனில்லை என்று கைவிடக் கூடாது என்று 2017-ல் வெண்புள்ளி நிபுணர்கள் குழு ஒன்று சொல்லிற்று. ஒவ்வொரு தடவையும் ஒளியில் நிற்பது சில நிமிஷங்கள்தான். ஆனால் அந்தச் சில நிமிஷத்துக்கு ஊரிலிருந்து புறப்பட வேண்டும்.

ஒளி அறைகள் பெரும்பாலும் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் நகரத்துத் தனியார் சரும வைத்திய நிலையங்களிலும்தான் இருக்கின்றன. மங்கலம்பேட்டைக்குச் சுற்று வட்டாரத்தில் மருத்துவக் கல்லூரி என்றால் முண்டியம்பாக்கம், சிதம்பரம், கள்ளக்குறிச்சி, கொஞ்சம் தள்ளிப் புதுச்சேரி ஜிப்மர். எதுவானாலும் போக, வர, சீட்டு வாங்கி வரிசையில் நிற்க என்று அன்றைய கூலி போயிற்று. வாரத்தில் 3 நாள் லீவு கொடுக்கும் முதலாளி எங்கே இருக்கிறார்? ஒளி இலவசமாகவே கிடைத்தாலும் 72 நாள் கூலியும் 72 நாள் பஸ் சார்ஜும் இலவசமாகக் கிடைப்பதில்லை. வைத்தியத்தைப் பாதியில் நிறுத்துகிறவர்களைச் சோம்பேறிகள் என்று பழிப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் காளாஞ்சகப்படைக்காரர்கள் 783 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஒளிப் பெட்டியை வீட்டுக்கே கொடுத்தார்கள். மறு பிரிவை டாக்டரிடம் வரச் சொன்னார்கள். 12 வாரம் ஆனபின், 2024-ல் கணக்கு வெளியாயிற்று. வீட்டில் எடுத்தவர்களில் 100-க்கு 33 பேருக்குச் சருமம் ஏறக்குறையச் சுத்தமாயிற்று. டாக்டரிடம் போனவர்களில் 26 பேருக்கு. ஒழுங்காக வாரம் இரண்டு தடவைக்குக் குறையாமல் எடுத்தவர்கள் வீட்டில் 51 பேர், ஆஸ்பத்திரியில் 16 பேர். விஷயம் விளங்குகிறதல்லவா? ஆளுக்கொரு கார் உள்ள தேசத்திலேயே போய் வர முடியவில்லை.

வெண்புள்ளிக்கும் அத்தகைய சோதனை நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் சர்வகலாசாலையின் முயற்சியில் 517 பேரிடம் நடந்தது. 2021-ல் முடிவு வெளியாயிற்று. கையில் பிடிக்கும் சின்ன விளக்கை வீட்டுக்குக் கொடுத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் காட்டச் சொன்னார்கள். ஒரு பிரிவுக்கு ஸ்டீராய்டு களிம்பு மட்டும், இன்னொன்றுக்கு விளக்கு மட்டும், மூன்றாவதற்கு இரண்டும். 9 மாதத்தில், புள்ளி வெகுவாக மறைந்தது என்று சொன்னவர்கள் களிம்பில் 100-க்கு 17, விளக்கில் 22, இரண்டும் சேர்ந்ததில் 27. விளக்கு மட்டும் என்றால் களிம்பைவிடப் பெரிய வித்தியாசம் என்று அடித்துச் சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்தால்தான் லாபம். நிறுத்தியபின் ஒரு வருஷத்துக்குள், பலன் பெற்றவர்களில் 100-க்கு 40 பேர் அதை இழந்தார்கள் என்பதையும் அந்த ஆராய்ச்சியாளர்கள் மறைக்கவில்லை.

இந்த எண்களை விளம்பரக்காரர் அச்சிட மாட்டார். அச்சிட்டால் யார் வாங்குவார்கள்? ஆனால் மெய்யான வைத்தியத்தின் அடையாளமே இப்படிப்பட்ட சின்ன எண்கள்தான்.

பெட்டிக்குள் என்ன?

1920-களில் சான்பிரான்சிஸ்கோ நகரத்தில் ஆல்பர்ட் ஆப்ரம்ஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். ஒரு துளி ரத்தத்தை வைத்துக்கொண்டு எந்த வியாதியையும் யந்திரத்தால் கண்டுபிடிப்பதாகவும், இன்னொரு யந்திரத்தால் அதை அதிர வைத்துக் குணப்படுத்துவதாகவும் சொன்னார். யந்திரத்தை விலைக்குக் கொடுப்பதில்லை, வாடகைக்குத்தான். திறந்து பார்க்கக் கூடாது என்று நிபந்தனை. சந்தேகப்பட்டவர்கள் ஒரு சேவலின் ரத்தத்தை மனித ரத்தம் போல அனுப்பி வைத்தார்கள். சேவலுக்கு இருக்கக்கூடாத வியாதிகளின் பட்டியல் ஒன்று திரும்பி வந்தது! பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்குக் கிடைத்தது, ஒன்றோடொன்று பொருத்தமில்லாத கம்பிச் சுருள்கள். அதே காலத்தில் அமெரிக்காவில் 'வயலட் ரே' என்று ஒரு கண்ணாடிக் குழாய் வீட்டுக்கு வீடு விற்றது. உள்ளே ஊதா ஒளி மின்னும். தொட்டால் சுரீர் என்னும். வழுக்கை முதல் வாதம் வரை எல்லாவற்றுக்கும் அதுவே மருந்து.

ஆப்ரம்ஸ் 1924-ல் போய்விட்டார், பெட்டி போகவில்லை. உலோகக் குச்சியைக் கையில் பிடிக்கச் சொல்லி, ஒரு நிமிஷத்தில் ஈரல், சிறுநீரகம், சருமம் எல்லாவற்றின் நிலைமையையும் பக்கம் பக்கமாக அச்சடித்துக் கொடுக்கும் யந்திரம் நம் ஊர்க் கலியாண மண்டபங்களில் நடக்கும் இலவச முகாம்களில் வந்து உட்கார்ந்திருக்கிறது. காந்தப் படுக்கை சங்கிலி வியாபாரமாக வீடு வீடாக வந்தது. இவற்றால் வெண்புள்ளிக்குப் பலன் உண்டு என்று காட்டிய தரமான சோதனை கிடையாது. இவை செய்யும் தீங்கு பணச் செலவோடு நிற்பதில்லை. வெண்புள்ளி பரவ ஆரம்பித்த முதல் மாதங்களில் வைத்தியம் செய்தால் பலன் கூடுதல். காந்தப் படுக்கையில் படுத்துக் கிடந்த ஒரு வருஷம் திரும்பி வராது.

விளக்குகளிலோ மோசடி இன்னும் நுட்பமானது. அழகு நிலையத்தில் நகப்பூச்சை உலர்த்தும் விளக்கும் ஊதாதான். கள்ள நோட்டைக் கண்டுபிடிக்கும் விளக்கும் ஊதாதான். டாக்டர்கள் வெண்புள்ளியைப் பார்த்தறிய வைத்திருக்கும் உட்ஸ் விளக்கும் அந்த நிறமே. இவையெல்லாம் 365 நானோமீட்டரைச் சுற்றியவை. இவற்றை மாதக் கணக்கில் காட்டினாலும் 311 செய்கிற வேலையை எதிர்பார்ப்பதற்கில்லை. மறுபுறம், கிருமி கொல்லும் விளக்கு 254 நானோமீட்டர். கொரோனா காலத்தில் 2020-ல் இது கடைகளில் மலிந்தது. கையையோ சருமத்தையோ சுத்தம் செய்ய இதைக் காட்டக் கூடாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் எச்சரிக்க வேண்டி வந்தது. சருமம் சிவந்து புண்ணாகும். கண் மணலை அள்ளிப் போட்டது போல உறுத்தும். பார்வைக்கு எல்லாம் டியூப் லைட்டுகளே. உள்ளே பூசிய ரசாயனத்திலும் கண்ணாடியின் ஜாதியிலும்தான் வித்தியாசம் இருக்கிறது.

சரியான டியூப்பே கிடைத்தாலும் வேலை முடியவில்லை. பீங்கான் சூளையில் நிற்கிறவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. தீ சரியான தீதான். ஆனால் சூடு குறைந்தால் சாமான் வேகாது, மிஞ்சினால் கோணிப்போகும். ஒளியும் அப்படியே. சதுர சென்டிமீட்டருக்கு 200 மில்லி ஜூல் அளவில் ஆரம்பித்து, ஒவ்வொரு தடவையும் 100-க்கு 10 அல்லது 20 பங்கு கூட்டிக்கொண்டே போவது வழக்கம். மறுநாள் லேசான இளஞ்சிவப்புத் தெரிந்தால் சரி. எரிச்சலும் கொப்புளமும் கண்டால் நிறுத்த வேண்டும். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி கட்டாயம். வெயில் பட்டால் ஆகாத சில வியாதிகள் உள்ளவர்களும், சில மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களும் கிட்டே போகவே கூடாது. டியூப் பழசாக ஆக அதன் வீரியம் குறையும். நேற்று 1 நிமிஷத்தில் கிடைத்த அளவு அடுத்த வருஷம் 1 நிமிஷத்தில் கிடைக்காது. ஆஸ்பத்திரியில் இதை மீட்டர் வைத்து அளப்பார்கள். வீட்டில் யார் அளப்பது?

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மருந்துகள், மாய வைத்தியங்கள் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் 1954-லேயே வந்துவிட்டது. அதன் அட்டவணையில் 54 வியாதிகள் இருக்கின்றன. அவற்றைக் குணப்படுத்துவதாகப் பொது ஜனங்களுக்கு விளம்பரம் செய்யக் கூடாது. வெண்புள்ளி அந்தப் பட்டியலில் இருக்கிறது. மருந்து என்ற சொல்லுக்கு அந்தச் சட்டம் தரும் பொருளும் மிக விரிந்தது. உணவு நீங்கலாக, உடம்பின் அமைப்பையோ இயக்கத்தையோ மாற்றுவதற்கென உள்ள எந்தப் பொருளும் அதில் அடங்கும். விளம்பரம் என்பதிலும் துண்டுப் பிரசுரம், லேபிள் முதல் வாய்ப் பேச்சு, ஒளி, ஒலி, புகை வரை எல்லாம் அடக்கம். செல்போனை 1954-ல் யாரும் கனவு காணவில்லை. ஆனால் ஒளியும் ஒலியும் அதில்தான் வருகின்றன. முதல் குற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை உண்டு. மறுபடி செய்தால் ஒரு வருஷம்.

சட்டத்தின் சொற்படி பார்த்தால் நல்ல விளக்கைக்கூட இப்படி விளம்பரம் செய்வதற்கு இடமில்லை. டாக்டர்களுக்கு அறிவிக்கலாம், ஊருக்குத் தமுக்கு அடிக்கக் கூடாது. இது கடுமை போலத் தோன்றும். ஆனால் யோசித்தால் இதில் நியாயம் இருக்கிறது. மெய்யையும் பொய்யையும் பிரித்தறிய முடியாதவரிடம் இரண்டையும் ஒரே குரலில் கூவினால் பொய்தான் ஜெயிக்கும். அதற்குத்தான் எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லையே. காளாஞ்சகப்படை மட்டும் ஏனோ அந்த 54-ல் இல்லை. அந்த வியாதிக்கான விளம்பரங்கள் அதனால் இன்னும் தாராளமாக உலவுகின்றன.

இதல்லாமல் வைத்தியக் கருவிகளுக்கென்றே 2017-ல் விதிகள் வந்தன. 2020 ஏப்ரல் முதல் எல்லா வைத்தியக் கருவிகளும் மருந்துச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன. பிறகு படிப்படியாக லைசென்ஸ் கட்டாயமாயிற்று. அதை ஏமாற்றவும் வழி இருக்கிறது. வைத்தியக் கருவி என்று போடாமல் அழகு சாதனம், ஆரோக்கிய விளக்கு என்று பெயர் போட்டுவிட்டால் ஆயிற்று. பெட்டியின் மேல் ஒரு வார்த்தையும் இராது. விற்கிறவரின் வீடியோவில் எல்லா வார்த்தையும் இருக்கும்.

1954-ஆம் வருஷத்துச் சட்டம் அமலாவதில்லை என்பதைச் சுப்ரீம் கோர்ட்டே சுட்டிக் காட்டிற்று. இத்தகைய விளம்பரங்கள் மேல் ஜனங்கள் புகார் கொடுக்க 2 மாதத்துக்குள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2025 மார்ச்சில் மாநில சர்க்கார்களுக்கு உத்தரவிட்டது. 70 வருஷத்துச் சட்டத்துக்குப் புகார்ப் பெட்டி வைக்கவே கோர்ட்டு சொல்ல வேண்டியிருந்தது.

ஆனால் தடுப்பதோடு வேலை தீராது. போலி விளக்கைப் பிடுங்கிவிட்டால் அந்தப் பெண்ணின் கையில் மிச்சம் இருப்பது என்ன? மறுபடியும் அதே 72 பஸ் பயணம். போலிக்குச் சந்தை இருப்பதே அந்தப் பயணத்தால்தான்.

வீட்டு வைத்தியத்துக்குக் கிராமத்தாரைப் பழக்க முடியாது என்ற பேச்சு இப்போது செல்லாது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது, சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு, வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்வதற்கான பைகளையும் வீடு தேடிக் கொண்டு போய்க் கொடுத்தார்கள். வயிற்றில் குழாய் வழியாகத் திரவத்தை ஏற்றி இறக்குகிற காரியத்தைப் பழக்கிக் கொடுத்தால் செய்கிறார்கள் என்றால், கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு 40 செகண்டு விளக்குக் காட்டுவதைச் செய்ய மாட்டார்களா? ஆளுக்கொரு விளக்கு வாங்கித் தர வேண்டும் என்பதுகூட இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில விளக்குகளை வைத்து, லைப்ரரிப் புஸ்தகம் போல 6 மாதத்துக்கு இரவல் கொடுக்கலாம். சரும டாக்டர் ஒரு தடவை நேரில் பார்த்து அளவு எழுதித் தர வேண்டும். மாதம் ஒரு முறை போட்டோவைப் பார்த்துக் கூட்டலாமா, குறைக்கலாமா என்று சொல்ல வேண்டும். 72 பயணம் ஏழெட்டாகக் குறையும்.

விளக்கு வாங்குவது இதில் சுலபமான பகுதி. இரண்டு மாதத்துக்கொரு தடவை மீட்டரோடு வந்து ஒவ்வொரு டியூப்பின் வீரியத்தையும் அளந்து நோட்டில் எழுதிவிட்டுப் போகும் ஓர் ஆளை நியமிப்பதுதான் கஷ்டம். அந்த ஆள் வருவதாக இருந்தால் ஆரம்பிக்கலாம். வரமாட்டார் என்றால், மங்கலம்பேட்டைப் பெண் இப்போதைக்குக் களிம்போடும், முடிந்தபோது பஸ்ஸோடும் சமாளிப்பதே மேல். விளக்கு வாங்கியே தீருவதென்றால், கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை மூன்று: எத்தனை நானோமீட்டர், லைசென்ஸ் நம்பர் என்ன, எந்த டாக்டர் எழுதிக் கொடுத்த அளவு. மூன்றாவது கேள்விக்கு, அளவெல்லாம் எதற்கம்மா, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காட்டுங்கள் என்று பதில் வந்தால், பணப்பையை மூடிக்கொண்டு வந்துவிடலாம்.